வானத்தைப் பார்த்து அச்சைச் சொல்வது

ஜப்பானிய மரப்பலகை அச்சுப் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் மலையைப் பார்ப்பார்கள், அலையைப் பார்ப்பார்கள், மழையில் ஓடும் ஆளைப் பார்ப்பார்கள். எனக்கு இப்போதெல்லாம் கண் நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. பலகை புதிதாக இருந்தபோது அச்சானதா, பல நூறு பிரதிகள் போட்ட பிறகு அச்சானதா என்பதை அங்கேதான் சீக்கிரம் கண்டுகொள்ளலாம்.

ஓவியர் ஹொகுசாயின் 'சிவப்பு ஃபூஜி'யை எடுத்துக்கொள்கிறேன். 'ஃபூஜி மலையின் 36 காட்சிகள்' வரிசையில் 1830-களின் தொடக்கத்தில் வந்த படம். காலண்டரிலும் கைப்பையிலும் நாம் பார்ப்பது செங்கல் நிறத்தில் அழுத்தமாக நிற்கும் மலை. பின்னால் அடர்ந்த நீல வானம். மிக ஆரம்பத்தில் அச்சான சில பிரதிகள் பிழைத்திருக்கின்றன. சேகரிப்பாளர்கள் அவற்றை 'இளஞ்சிவப்பு ஃபூஜி' என்கிறார்கள். மலை மெல்லிய ரோஜாவும் பழுப்பும் கலந்த நிறம். வானத்தில் நீலம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் தடவியிருக்கிறது. சிகரத்தை ஒட்டி அது மெலிந்து வெளுக்கிறது. மலையின் உச்சியில் பலகையின் மரரேகை வரிவரியாகத் தெரிகிறது. கோடு அதே கோடு, மலை அதே மலை. ஆனால் இளஞ்சிவப்பில் ஒரு குறிப்பிட்ட நேரம் இருக்கிறது: சூரியன் வந்து சில நிமிடங்களே ஆன நேரம். பின்னால் வந்த பிரதிகளில் மலை இருக்கிறது, நேரம் இல்லை.

மலையை முழுக்க நீலத்திலேயே அச்சிட்ட பிரதிகளும் உண்டு. பதிப்பாளர் எதையும் சோதித்துப் பார்க்கத் தயாராக இருந்திருக்கிறார்.

*

இந்தக் கலையில் 'அசல்' என்று சுட்டிக்காட்ட ஒரு பொருள் கிடையாது. ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோட்டுப்படம் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதை மலைச்செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே கத்தியை ஓட்டுவார். கோடு மட்டும் மேடாக நிற்கும். ஓவியர் தன் கையால் வரைந்தது அந்த வேலையிலேயே அழிந்துபோகும். பிறகு அந்தக் கோட்டுப் பலகையிலிருந்து சில நகல்கள் எடுத்து, எங்கே எந்த நிறம் என்று ஓவியர் குறித்துக் கொடுக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பரப்பு செதுக்கப்படும்.

எல்லாப் பலகையிலும் ஒரு மூலையில் 'ட' வடிவில் ஒரு வெட்டு, அதே விளிம்பில் தள்ளி நேராக இன்னொரு வெட்டு. கெந்தோ என்று பெயர். தாளின் மூலையை ஒன்றிலும் விளிம்பை மற்றதிலும் பொருத்தி வைத்தால் பத்து நிறம் போட்டாலும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழும். இவ்வளவுதான் கருவி. அழுத்தும் பொறி எதுவும் இல்லை. மூங்கில் மட்டையால் பொதிந்த 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானைத் தாளின் முதுகில் வைத்துக் கையால் தேய்ப்பதுதான் அச்சு.

ஆகவே ஹொகுசாய் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் ஒரே வழி முதல் அச்சு. ஓவியரும் பதிப்பாளரும் பக்கத்தில் இருந்து, இந்த நிறம் இப்படி வரட்டும் என்று முடிவு செய்த தாள்கள் அவை. ஆனால் அதில் இருப்பது ஓவியரின் கை மட்டுமே என்று சொன்னால் பொய்யாகிவிடும். அச்சிட்டவரின் கை அதில் சரிபாதி.

*

போகாஷி. நிறம் அடர்த்தியில் தொடங்கி ஒன்றுமில்லாமல் கரையும் வேலை. வானத்தின் மேல்விளிம்பில் ஓடும் நீலப் பட்டை, ஆற்றின் நடுவில் ஆழத்தைக் காட்டும் கருநீலம், தொடுவானத்துச் சிவப்பு எல்லாம் இதுதான்.

பலகையில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. வானத்துக்கான இடம் வெறும் சமதளம். அச்சிடுபவர் ஈரத்துணியால் பலகையில் வேண்டிய இடத்தை நனைப்பார். அகலமான தூரிகையின் ஒரு முனையில் மட்டும் நிறத்தை எடுத்து, குறுக்காக ஓட்டுவார். நிறமுள்ள முனை அழுத்தமாகவும் ஈரமுள்ள முனை வெளிறியும் பதியும். உடனே தாளை வைத்துத் தேய்க்க வேண்டும், காய்ந்தால் கெட்டது. அடுத்த தாளுக்கு மறுபடி நனைத்து, மறுபடி தடவ வேண்டும். 200 தாள் என்றால் 200 முறை புதிதாக வானம் போட்டாக வேண்டும்.

படம் நன்றாக விற்றுப் பதிப்பாளர் அவசரப்படும்போது முதலில் வெட்டு விழுவது இந்த வேலையில்தான். இரண்டு போகாஷி ஒன்றாகும், ஒன்று தட்டை நிறமாகும். கூலியும் நேரமும் மிச்சம். பிற்கால அச்சுகளில் வானம் மொட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம். மரம் தேய்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செதுக்கியவர்களில் சிலர் பெயர் நமக்குத் தெரியும். எகவா தோமெகிச்சி என்ற செதுக்குபவரே தன் படங்களைச் செய்ய வேண்டும் என்று ஹொகுசாய் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். இன்னொரு ஓவியரான ஹிரோஷிகேயின் சில படங்களின் ஓரத்தில் செதுக்கியவர் முத்திரை இருக்கிறது. வானத்தை அச்சிட்டவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் போய்விட்டார்கள். அந்தப் படங்களில் நான் அதிகம் கடன்பட்டிருப்பது அவர்களுக்குத்தான்.

*

முதல் தடவை 200 பிரதிகள் என்று புத்தகங்களில் வழக்கமாகச் சொல்வார்கள். அதைக் கண்டிப்பான கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அச்சிடுபவரின் ஒரு நாள் வேலை ஏறக்குறைய அவ்வளவு. அது விற்றால் மறுபடி போடுவார்கள். பலகை பதிப்பாளரின் சொத்து. விற்கலாம், அடகு வைக்கலாம், வேறொரு பதிப்பாளர் வாங்கித் தன் முத்திரையைச் சேர்த்து அச்சிடலாம். ஓவியருக்குக் கிடைத்தது முதலில் வாங்கிய கூலி.

*

ஹொகுசாயின் 'கனகாவா அலை'. இதைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதனால் தேய்மானத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் விஞ்ஞானி கேப்புசீன் கோரென்பெர்க் உலகெங்கும் இருக்கும் இந்தப் படத்தின் பிரதிகளைத் தேடி 111-ஐக் கண்டுபிடித்தார். அச்சானது 8,000 வரை இருக்கலாம் என்பது கணிப்பு. ஒன்றோடொன்றை வைத்து ஒப்பிட்டு, கோடுகள் எங்கே உடைந்திருக்கின்றன என்று பார்த்து, எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். இடது மேல்மூலையில் தலைப்பு எழுதிய கட்டம் இருக்கிறதே, அதன் இரட்டைக் கோட்டை உருப்பெருக்கிப் பார்த்தால் விஷயம் புரிகிறது. ஆரம்ப அச்சில் இடப்பக்கக் கோடு முழுசாக இறங்குகிறது. பிறகு ஓரிடத்தில் மயிரிழை விட்டுப்போகிறது. அப்புறம் இடைவெளி பெரிதாகிறது. அலையைப் பார்த்து மயங்கி நிற்கிறவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. படத்தின் வயது அங்கேதான் எழுதியிருக்கிறது.

வானமும் இருக்கிறது. நல்ல பிரதிகளில் அலைக்குப் பின்னால் மேகம் ஒன்று மெல்லிய சிவப்பில் எழும்பி நிற்கும். பல பிரதிகளில் அது வெளுத்து, தாளின் பழுப்போடு கலந்துபோய்விட்டது. மேகம் இருந்தால் அலை ஒரு இருண்ட வானிலையில் எழுகிறது. மேகம் போனால் வெற்றுத் தாளில் எழுகிறது. சுவரொட்டிகளில் நமக்குப் பழகியது இரண்டாவது.

*

நீலம். பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலம் 1829-ஐ ஒட்டி எடோவில் (இன்றைய டோக்கியோ) மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அதற்குமுன் இருந்தவை இரண்டு: அவுரி நீலம், சுயுகுசா என்ற சிறு பூவிலிருந்து எடுத்த நீலம். பூ நீலம் அழகு, ஆனால் வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுப்பாகிவிடும். அவுரி நிற்கும், ஆனால் மங்கலான நிறம். புது நீலம் ஆழமாகவும் பிடித்தது, தண்ணீர் கலந்தால் கண்ணாடி மாதிரியும் பிடித்தது. போகாஷிக்கென்றே பிறந்த நிறம்.

பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி 1831 புத்தாண்டில் வெளியிட்ட விளம்பரத்தில், ஃபூஜி வரிசை நீல அச்சில் வருகிறது என்பதைத்தான் முன்னால் வைத்தார். 36 போதாது, இப்படியே போனால் 100-ஐக்கூடத் தாண்டலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார். வந்தது 46. முதல் 36-இன் கோட்டுப் பலகையை நீலத்தில் அச்சிட்டார்கள். சேர்த்த பத்தில் கோடு கறுப்பு. முதல் 36-இன் பிந்தைய அச்சுகளிலும் கறுப்புக் கோடு வருவதுண்டு. நீலக் கோட்டுக்கும் கறுப்புக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு, மலையை வானத்திலிருந்து வெட்டி எடுக்கிறது. நீலத்தில் மலையும் வானமும் ஒரே காற்றில் இருக்கின்றன.

இயற்கைக் காட்சியே தனிப் படமாக விற்கும் என்று எடோவின் கடைக்காரர்களுக்கு நம்பிக்கை வந்தது இந்த நீலத்தால்தான் என்று நினைக்கிறேன். அதுவரை சந்தையை ஆண்டவர்கள் நடிகர்களும் அழகிகளும்.

*

ஹிரோஷிகே, டோகைடோ சாலையின் 53 தங்கல்கள், 1833-34. பதிப்பாளர் டகெனோஉச்சி மகோஹாச்சி. தொடக்கமும் முடிவும் சேர்த்து 55 படங்கள்.

ஷோனோ. சரிவான பாதையில் திடீர் மழை. பல்லக்குத் தூக்கிகள் மேட்டில் ஏறுகிறார்கள்; வைக்கோல் மேலங்கிக்காரர் ஒருவரும் குடைக்காரர் ஒருவரும் கீழே ஓடுகிறார்கள். பின்னால் மூங்கில் காடு மூன்று அடுக்காக, ஒன்றைவிட ஒன்று வெளிறி, காற்றில் சாய்கிறது. முதல் அச்சில் அந்தக் குடையின்மேல் பதிப்பாளரின் பெயரும் வரிசையின் பெயரும் எழுதியிருக்கும். பின்னால் வந்ததில் எழுத்து இல்லை, வெறும் குடை. எழுத்துள்ள குடைக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை வேறு. எனக்கு எழுத்தைவிட மூங்கில் முக்கியம். கோடே இல்லாமல், சாம்பல் நிறத்தின் அடர்த்தி வேற்றுமையில் மட்டும் அந்தக் காடு நிற்கிறது. சாம்பல் ஒரு படி கூடினாலோ குறைந்தாலோ மூன்று அடுக்கு இரண்டாகிவிடும், மழையும் நின்றுவிடும்.

கன்பாரா, இரவுப் பனி. கடலோரத்தில் இதமான ஊர். இப்படிப் பனி கொட்டும் இடமே இல்லை என்பார்கள். படத்தில் ஊர் மூழ்கிக் கிடக்கிறது. இதில் இரண்டு வகை வானம் உண்டு: ஒன்றில் கறுப்பு மேல்விளிம்பில் தொடங்கிக் கீழே கரைகிறது, மற்றதில் மலைகளின் விளிம்பில் அடர்ந்து மேலே கரைகிறது. முதல் வகையில் இரவு ஊர்மேல் இறங்குகிறது. இரண்டாவதில் வெள்ளை மலை பளிச்சென்று எழும்புகிறது. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே பலகைதானா என்று சந்தேகம் வரும். நடக்கும் மூன்று பேரும் இரண்டிலும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள்.

நிஹோன்பாஷி, அதே வரிசையின் முதல் படம். ஆரம்ப அச்சில் பாலத்தில் ஊர்வலம் வருகிறது, முன்னால் மீன்காரர்கள். வேறொரு பதிப்பில் புதிதாகப் பலகை செதுக்கி ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டார்கள். விடியற்காலைப் பாலம் எனக்கு அந்தக் கூட்டமில்லாமல் இருப்பதே பிடித்திருக்கிறது.

*

விலை. 1842-இல் அரசாங்கம் சிக்கன உத்தரவு போட்டபோது படங்களில் நிறங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. ஒரு தாளுக்கு 16 மோன் காசுக்குமேல் கூடாது என்றது. ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸும் 16 மோன்தான். 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 'அலை'யின் ஒரு பிரதி 27 லட்சம் டாலருக்குமேல் போனது. நூடுல்ஸ் விலைக்கு விற்ற தாளுக்குள் பத்து நிறமும் மூன்று போகாஷியும் வைத்த மனிதர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்த விலைக்கு அவ்வளவு செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

*

'எடோவின் புகழ்பெற்ற 100 காட்சிகள்', 1856 முதல் 1858 வரை, பதிப்பாளர் உஓயா எய்கிச்சி. ஹிரோஷிகேயின் கடைசிப் பெரிய வேலை. 1858-இல் அவர் இறந்தார். இந்த வரிசையின் முதல் அச்சுகளைக் கையில் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் பாதி தெரியாது.

அசகுசா வயல்வெளி. ஜன்னல் மேடையில் வெள்ளைப் பூனை ஒன்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. தூரத்தில் திருவிழாக் கூட்டம், ஃபூஜி, மாலை வானம், பறவைகள். பூனையின் உடம்பில் மை இல்லை. நல்ல ஆரம்ப அச்சில் மை தொடாத பலகையை அழுத்தி, தாளையே புடைக்க வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் அந்த வெள்ளை உடம்பின் வளைவு எழும்பும். பின்னாளில் பூனை தட்டையாகிவிட்டது. புகைப்படத்தில் அந்தப் புடைப்பு அரைகுறையாகத்தான் வரும்.

ஃபுககாவா சதுப்புநிலம். மேலே கழுகு, கீழே பனி மூடிய வெளி. சிறந்த பிரதிகளில் கழுகின் இறகில் காக்காப்பொன் மினுக்கும்; நகத்தில் வஜ்ஜிரப் பசையேற்றிப் பளபளக்க வைத்திருப்பார்கள். இவற்றைச் செய்தால் வாங்குபவர் கூடக் காசு கொடுப்பார் என்பது வியாபாரம். எந்த இறகில் மினுக்கு வேண்டும், எதில் வேண்டாம் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தாரே, அது வியாபாரத்தைத் தாண்டியது.

இந்த வரிசையின் முழுத்தொகுதி ஒன்று புரூக்ளின் மியூசியத்தில் இருக்கிறது. ஆல்பமாகத் தைத்திருந்ததால் வெளிச்சம் படாமல் பிழைத்தது. 2024-இல் காட்சிக்கு வைத்தபோது, அதற்குமுன் வைத்து 24 வருடம் ஆகியிருந்தது.

ஒரே விஷயத்துக்காக இன்னொரு படம்: அடாகேயில் திடீர் மழை. மழைக்கோடுகளை இரண்டு பலகைகளில் வெவ்வேறு சாய்வில் செதுக்கியிருக்கிறார்கள். 1887-இல் வான் கோ இதை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். அவர் தூரிகைக்கு அந்த மழை வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. மேல்விளிம்பில் கறுப்பு மேகத்தின் போகாஷி இல்லாமல் மழை வருவதற்கு இடமே இல்லையே.

*

நிறம் வெளுப்பது பற்றி. பாஸ்டன் நுண்கலை மியூசியத்துக்கு 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் 6,500 படங்களுக்குமேல் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: எந்தக் காலத்திலும் காட்சிக்கு வைக்கக் கூடாது. கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் பூ நீலமும் குசும்பப்பூச் சிவப்பும் ஊதாவும் எப்படி இருந்தன என்று இன்று உலகத்துக்குத் தெரிவதில் பெரும் பங்கு அந்தத் தொகுப்புக்கு உண்டு. நிபந்தனை சரி என்றே நினைக்கிறேன். சுவரில் மாட்டியிருந்தால் நூறு வருடத்தில் யாரும் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. படங்களை இணையத்தில் பார்க்கலாம்.

அவர்களுக்காக 1913-இல் டோக்கியோவில் படங்களை வாங்கிக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். சில வருடம் கழித்து அவர் வேறு சேகரிப்பாளர்களுக்கு விற்ற படங்களில் சிலவற்றில் பழைய தாளின்மேல் புது நிறம் ஏற்றியிருந்தது தெரியவந்து, திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளுத்த முதல் அச்சுக்கு நிறம் ஏற்றுவது அதைக் கொல்வது. வெளுத்திருந்தாலும் அதில் கோட்டின் கூர்மை இருக்கும், புடைப்பு இருக்கும், போகாஷியின் தடம் இருக்கும்.

*

ஓரம் வெட்டிய பிரதிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று விளிம்பை நறுக்கியிருப்பார்கள். தணிக்கை முத்திரை, பதிப்பாளர் முத்திரை, 1850-களின் படங்களில் ஆண்டும் மாதமும் சொல்லும் முத்திரை எல்லாம் பல சமயம் ஓரத்தில்தான் இருக்கும். '100 காட்சிகள்' ஒவ்வொன்றும் எந்த மாதம் வந்தது என்று இன்று சொல்ல முடிவது அந்தச் சிறு முத்திரையால்.

*

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஓவியர் கவசே ஹசுய். பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டார்: ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் நால்வரும் சேர்ந்த வேலை. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் தீ பரவி வதனபேயின் கடை, பலகைகள், இருந்த பிரதிகள் எல்லாம் எரிந்தன. ஹசுய் வீடும் போனது, ஓவியக் குறிப்பேடுகளும் போயின. ஹசுய் 1918 முதல் செய்த படங்களில் நிலநடுக்கத்துக்கு முன்னால் விற்றுப்போனவைதான் மிஞ்சின. அங்கே முதல் அச்சு என்ற சொல்லே தேவையில்லை; அதற்குப் பிறகு போட பலகை இல்லை.

அந்த ஆரம்பப் படங்களில் தாளின்மேல் பாரென் சுழன்ற தடத்தை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். மழையிலும் இருட்டிலும் அந்தச் சுழல்கள் தெரியும். வேண்டுமென்றே செய்தது. பின்னால் வேலை மேலும் மேலும் வழவழப்பானது. 1953-இல் அரசின் கலைப் பாதுகாப்புக் குழு கேட்டு ஹசுய் செய்த சோஜோஜி கோயில் பனிக்காட்சிக்கு 42 முறை அச்சு ஏற்றினார்கள். படிக்குப் படி பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். திறமைக்கு எல்லையில்லை. இருந்தும் 1920-களின் தொடக்கத்துப் படங்களில் இருக்கும் அந்தக் கரடுமுரடுக்கே என் ஓட்டு.

ஓவியர் யோஷிதா ஹிரோஷி வேறு மாதிரி. செதுக்குபவர்களையும் அச்சிடுபவர்களையும் தன் கூரைக்குக் கீழேயே வைத்து மேற்பார்வை பார்த்தார். தன் கண் முன்னால் அச்சானதற்கு ஓரத்தில் 'ஜிசுரி' என்று முத்திரை வைத்தார். 1926-இல் 'பாய்மரப் படகுகள்': அதே பலகைகளை வைத்து நிறத்தை மட்டும் மாற்றிக் காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு. 1930-31-இல் இந்தியாவில் பயணம் செய்துவிட்டுப் போய் தாஜ் மகாலையும் இப்படியே வேளைக்கு வேளை அச்சிட்டார். அந்த இந்திய வரிசையில் மதுரைக் கோயிலும் ஒரு படம். நம் ஆட்கள் இவரை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

*

டோக்கியோவில் இன்றும் செர்ரிப் பலகையில் ஹொகுசாயைப் புதிதாகச் செதுக்கி அச்சிடும் பட்டறைகள் உண்டு. மறு செதுக்கல் என்றால் முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். கடையில் தொங்கிய முதல் நாளில் அந்த நீலம் எவ்வளவு புதிதாக, அந்தத் தாள் எவ்வளவு வெள்ளையாக இருந்திருக்கும் என்று காட்ட அவர்களால்தான் முடியும். பழைய பிரதியில் கோட்டையும் புதியதில் நிறத்தையும் பார்க்கலாம். சரியாகத் தடவிய போகாஷி ஒன்று எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் புதிய அச்சே போதும். அதைத் தெரிந்துகொண்டு மியூசியத்துக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் வெளுத்துப்போன வானத்திலும் தூரிகை எங்கே தொடங்கி எங்கே விட்டது என்று பிடிபடும்.